பதினெட்டு நிமிடம்

முன்பெல்லாம்
கொட்டகலை டவுனுக்கு மேலே வானம் இருட்டினால்
ஒரு சட்டை வெட்டித் தைத்து
காஜா எடுத்து முடிக்கும்வரை
தண்ணீர் கீழே வராது.
வந்தாலும்
கானுக்குள் முனகிக்கொண்டு
கடைப்படியை ஏறிட்டும் பார்க்காமல் போய்விடும்.

இப்போது பதினெட்டு நிமிடம்.
ரிழ்வானின் போன்கடைக் கடிகாரத்தில்
நாங்கள் இருவரும் பார்த்தது.
ஒரு கை இணைப்பதற்குள்
வாசலில் நிற்கிறது,
செங்காவியாய், நுரைத்து,
யார் வீட்டுச் செருப்பையோ சுமந்து.

பதினான்காம் நம்பர் மலையில்
தேயிலை இருந்த காலம்
சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டியிருந்தார்கள்.
தண்ணீர் அதில் நடந்து
மண்குழிக்கு மண்குழி உட்கார்ந்து
வேண்டாவெறுப்பாய் இறங்கும்.
மலை துண்டு துண்டாய் விலைபோனது,
பத்து பேர்ச், எட்டு பேர்ச், ஆறு.
கானுக்கு மேலே குசினி.
மண்குழி இருந்த இடத்தில் ஒரு வான் நிற்கிறது.
நடுவே கொங்கிரீட் ரோட்டு,
உச்சியிலிருந்து என் மேசைவரை
கத்தரி வைத்து வெட்டியது மாதிரி நேராய்.

சபையிலிருந்து வந்த பிள்ளை,
நிரோஷிகா என்று பெயர்,
போக்குக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தாள்.
"இந்தக் குழாய் நாற்பது வீட்டுக்குப் போட்டதில்லையே அக்கா,
தேயிலைக்குப் போட்டது."
எழுதிக்கொண்டு போனாள்.
ஐப்பசி வந்தது.
மெஷினை இரண்டு கல் உயர்த்தினேன்.

மாசியில் வேறு கூத்து.
அதே மலையடிப் பீலியில்
ஊசியில் கோக்கலாம் போல் தண்ணீர்.
ஒரு குடம் நிறைய
இப்போது அதற்குத்தான் ஒரு முழுச் சட்டை.

மேலே இருப்பவர்களைத் திட்டலாம்.
அந்த யன்னல் சீலைகளில் பாதி
நான் தைத்தது.

ஆறு பேர்ச் என்றேனே,
அது என்னுடையது.
தம்பி கட்டாரிலிருந்து அனுப்புகிறான்;
அத்திவாரம் முடிந்து சுவரும் எழும்பிவிட்டது.
மருதை பாஸ் கேட்கிறார்,
முற்றத்துக்குக் கல் பதிக்கவா,
மண்ணாய் விடவா?

லயத்து வாசலில் சேறு மிதித்து வளர்ந்த கால்.
பதியுங்கள் என்றுதான் வாயில் வருகிறது.
இங்கிருந்து பார்த்தால்
என் கடைத் தகரம் தெரிகிறது.
எந்தப் பக்கம் சாய்த்துப் பதித்தாலும்
இந்தத் தண்ணீருக்கு
அந்த விலாசம் பாடம்.

பாஸ் நூல்பிடித்து நிற்கிறார்.
மேல்மலை இருட்டுகிறது.