இடது காதில் மட்டும்

பதினொரு நிமிடம், நாற்பது நொடி.
பாட ஆளில்லாத பாட்டு.
பனி உருகி ஒரு ஆறு நகரத் தொடங்குவதைப் பற்றியதாம்.
அட்டைப் படத்தில் ஊசியிலைக் காடு,
நடுவே பாளம் பாளமாய் வெடித்த ஐஸ்.
நான் ஐஸைப் பார்த்ததெல்லாம் காசிமேட்டில்தான்,
கட்டையால் அடித்து நொறுக்கி
வஞ்சிரத்தின் மேல் கொட்டும்போது.

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசை
நேற்று மாலை நின்றது நின்றபடி.
எனக்கு முன்னால் நூற்றுப் பதினேழு வண்டி.
டீ விற்கும் பையன் எண்ணிச் சொன்னான்,
அவனுக்கு அது வியாபாரக் கணக்கு.
என் முதுகில் நாற்பதடிப் பெட்டி.
உள்ளே என்னவென்று சொல்ல மாட்டார்கள்,
சீல் உடையாமல் சேர்த்தால் போதும்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் பாட்டைப் போடுவேன்.
முதலில் ஒன்றுமே இருக்காது.
அப்புறம் கிட்டார்,
இரும்புக் குழாய்க்குள் கருங்கல் உருள்வது மாதிரி.
அப்புறம் டிரம். இரண்டு காலாலும் மிதிக்கிறான் பாவி,
என் கிளட்ச் கால் தானாக ஆடும்.
"இன்னாண்ணா இது, மிஷின் ரிப்பேரா?"
என்பான் கிளீனர் ஃபெலிக்ஸ்.
"ஆறுடா."
அவன் எட்டி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.
சாம்பல் கரைந்து சிமெண்ட் பால் நிறத்தில்
அசையாமல் கிடக்கும் கொசஸ்தலை.
"இதுவா?"

இரண்டு வருஷமாய் என் ஹெட்செட்டில்
இடது பக்கத்துக்கு மட்டும்தான் உயிர்.
வலது, ஒரு ஐப்பசி மழையில் போனது.
குறையென்று தோன்றியதில்லை.
ஏழாவது நிமிடத்தில் கிட்டார் சட்டென நின்று
இருபது நொடி வெறுமையாய்ப் போகும்.
உலகத்தில் எனக்குப் பிடித்த இடம் அது.
ஆறு மூச்சு வாங்குகிறது
என்று நானே வைத்துக்கொண்டேன்.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு
அதற்குள் ஒன்பது முறை அணைந்து எரியும்.
எண்ணியிருக்கிறேன்.

போன வாரம் எடை மேடையில் பிரிண்டர் மக்கர்.
"எப்பப் பாத்தாலும் ஒத்தக் காதுல
என்னதான் கேப்பீங்க?" என்று
தன் ஹெட்செட்டைக் கழற்றி நீட்டினாள் குணசுந்தரி.
புதுசு. அவள் தலையின் தேங்காயெண்ணெய் வாசம்.
ஏழாவது நிமிடம்.
வெறுமை இல்லை அங்கே.
வலது காதில் ஐம்பது வயலின்
கரையேறி வந்துகொண்டிருந்தன.
அவற்றுக்கும் அடியில் ஒரு புல்லாங்குழல்,
இரண்டே சுரம்,
விட்டு விட்டுக் கூப்பிடுகிறது.
இத்தனை நாளும் நான் இல்லாத பக்கத்தில்
இவ்வளவு பேர் வாசித்திருக்கிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டியவன்தான்.
பர்ஸைப் பறிகொடுத்தவன் மாதிரி நின்றேன்.
"நல்லா இல்லையா?"
"நல்லாத்தான் இருக்கு."
"அப்ப ஏன் மூஞ்சி அப்பிடி?"
சீட்டு வந்தது. பெட்டியும் வண்டியும் சேர்த்து
முப்பத்தெட்டு டன், நானூறு கிலோ.

புதுசு ஒன்று நானும் வாங்கினேன்,
பர்மா பஜாரில், பேரம் பேசி.
ஆனால் அந்த இருபது நொடிக்கு மட்டும்
வலதைக் கழற்றிவிடுகிறேன்.

இன்று விடியலில் அப்படிக் கழற்றியபோது
ஓதம் ஏறிக்கொண்டிருந்தது.
பாலத்துக்குக் கீழே மார்பளவு நீரில்
நான்கு பெண்கள் இறால் தடவுகிறார்கள்.
இரண்டு கையும் சேற்றுக்குள்.
ஓலைப் பறியைப் பல்லால் கடித்திருப்பதால்
ஒருத்தியும் பேச முடியாது.
தண்ணீர் கலைகிற சத்தம் மட்டும்.
பறிக்குள் விழுந்ததும் இறால் துள்ளுகிற சத்தம்
மேலே கேட்காது,
கேட்டது என்றுதான் சொல்வேன்.
ஒருத்தி நிமிர்ந்து
டிரெய்லர் வரிசையை ஒரு பார்வை பார்த்தாள்,
நாங்கள் ஏதோ படிந்துபோன வண்டல் என்பது போல.
மறுபடி குனிந்தாள்.

ஒன்பதாவது முறை விளக்கு எரிந்து
கிட்டார் திரும்புகிற நேரம்
ஃபெலிக்ஸ் கதவைத் தட்டினான்:
"ஐஸ் ஒடஞ்சிச்சிண்ணா, எடு."

பத்தடி நகர்ந்தோம்.
ஹேண்ட் பிரேக்.