சில்லுக்கு வைத்த கட்டை

வாழைச்சேனை நீதவான் நீதிமன்றில்
எதிரிகள் இருவர், குற்றச்சாட்டுகள் மூன்று,
வழக்குப் பொருள் ஒரு லொறி.
பிணைமுறியில் வெளியே விட்டிருந்தார்கள்.
தீர்ப்பு நாளில் அதுவும் வழக்குக்கு வந்திருந்தது,
நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு.

முதலாவது:
வருமான உத்தரவுப்பத்திரம் காலாவதியாகிப் பத்தொன்பது நாள்.
ஒப்புக்கொண்டோம். தண்டம் கட்டியாயிற்று.

இரண்டாவது:
பதிவுப் புத்தகத்தில் முதலாம் எதிரியின் பெயர் இல்லை.
எப்படி இருக்கும்?
புத்தகத்தில் இருப்பவர் கெக்கிராவைக்காரர்,
அவரிடம் வாங்கியவர் வெலிகந்தை முதலாளி,
அவரிடமிருந்து ஓப்பன் பேப்பரில் வாங்கியவர்
ஓட்டமாவடி அச்சுமுகம்மது.
இரண்டு கைமாறலுக்கு ஒரே கையெழுத்து,
திகதிக்கு விட்ட இடம் இன்னும் வெறுமை.
ஒன்பது வருசம் அந்த லொறியின் டயருக்குக் கடன்பட்ட மனிசனை
எழும்பி நின்று
"இந்த லொறி என்னுடையதல்ல" என்று சொல்லச் சொன்னேன்.
சட்டப்படி அது பொய்யில்லை.
சொன்னார்.
தொப்பியை மடித்துச் சேர்ட் பையில் வைத்தார்,
மறுகா எடுத்தார், மறுகா வைத்தார்.

மூன்றாவது, பிறேக்.
பரிசோதகரின் அறிக்கை: முப்பத்தெட்டு வீதம்.

லொறியைப் பிடித்தது எப்போது?
மார்கழி மூன்று.
நீங்கள் பார்த்தது?
பதினாலு.
இடையில் எங்கே நின்றது?
பொலிஸ் பின்வளவில்.
கூரை?
இல்லை.
மழை?
அவர் சிரித்தார். மார்கழியில் மட்டக்களப்பில்
மழையா என்று கேட்கிறாள் இவள்.
தண்ணீரில் நின்றால் ட்ரம் துருப்பிடிக்குமா?
பிடிக்கும்.
அப்படியானால் மூன்றாம் திகதி பிறேக் எப்படி இருந்தது?

"எனக்குத் தெரியாது."

அந்த இரண்டு சொல்லுக்காக
இரண்டு இரவு கண்முழித்திருந்தேன்.
நீதவான் அதை எழுதிக்கொள்ளும் வரைக்கும்
அடுத்த கேள்வியைப் பிடித்துவைத்திருந்தேன்.
பிறகு கேட்கவேயில்லை.

கோவையில் படம் நான்கு.
மூன்றாம் திகதி, மழைக்கு முதல், தெருவோரம் எடுத்தது.
இலக்கத்தகடு தெளிவு.
பின்சில்லுக்கு அடியில் ஒரு கட்டை.
சார்ஜன்ட் பார்த்தார். பரிசோதகர் பார்த்தார்.
நீதவான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
ஒருவரும் கேட்கவில்லை,
ஏன் கட்டை என்று.
நான் கோவையை மூடி
அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டேன்.

இருவரும் விடுதலை.

வாசலில் அச்சுமுகம்மது என்வலப்பைத் தந்தார்.
"வெட்டு முடியட்டும் மேடம்,
மறுகா பிறேக்கப் பாப்பம், இன்ஷா அல்லாஹ்."
இரண்டு போகத்துக்கு முந்தியும் அதைத்தான் சொன்னாராம்.
சொன்னது அவரில்லை, பேரின்பம்.
இரண்டாம் எதிரி, சாரதி, சந்திவெளி.
வழக்கு முழுக்க அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
"மேடம், நான் என்னத்தச் சொல்ற?"
"ஒண்டும் சொல்லாதீங்க" என்றேன்.
சொல்லவில்லை.

லொறி மதிலோரம் தெருப்பக்கம் சரிந்து நின்றது.
ஏறி இருந்து ஸ்டார்ட் பண்ணினார்.
கண்ணாடிக்குள் என்னைக் கண்டு தலையை வெளியே நீட்டினார்.
கிளீனர் பொடியன் சாப்பாட்டுக் கடைக்குப் போயிற்றான்,
"அந்தக் கட்டைய ஒருக்கா எடுத்துத் தாறீங்களா மேடம்?"

கறுப்புக் கோட்டோடு குனிந்தேன்.
பாலைமரம். நினைத்ததைவிடப் பாரம்.
ஒரு பக்கம் முழுக்க டயர்ப் பல்லின் தடம்,
ஒன்றுக்கு மேல் ஒன்றாய், கறுத்து, மினுங்கி.
பதினொரு நாள் மழையில்
படுகிற தடமில்லை அது.

அவர் கையை நீட்டினார்.
லொறி மெல்ல உருளத் தொடங்கியிருந்தது.
உள்ளே அவருடைய முழங்கால் எழும்பிப் பதிந்தது,
இன்னொருதரம் எழும்பிப் பதிந்தது.
தெருவில் பள்ளி விட்டு வரும் சைக்கிள்கள்.
மூன்றாம் தரம் எழும்பியதைப் பார்த்தேன்.

கட்டை இன்னும் என் கையில்.