சைடு லோயர்

நாகர்கோவில் சந்திப்பு, இரண்டாம் கவுண்டர்.
மதுரை வழியா, மங்களூர் வழியா?
பன்வேலுக்கு எப்படிப் போனாலும்
மகள் வீட்டில் அதே சோறுதான் என்றார் ததேயு.

நான் கடல் வழி கேட்டேன்.
முப்பது வருஷமாய் அது இவரைக் கொண்டுபோவதைக்
கரையில் நின்று பார்த்தவள்.
என்னையும் ஒரு தடவை கூட்டிப்போகட்டும்.

ஏசி எடு, கண்ணாடி அடைச்சிருக்கும் என்றார்.
ஸ்லீப்பர் போதும், கம்பி வழி காத்து வரும் என்றேன்.
பின்னால் நின்ற பையன் இருமினான்.
சில்லறை எண்ணிக்கொண்டே கவுண்டர்க்காரி:
"மேக்குப் பக்க ஜன்னல்னு ஃபாரத்துல எழுத இடமில்லம்மா.
சைடு லோயர் ஒண்ணு, அப்பர் ஒண்ணு. வேணுமா?"

இரணியல் தாண்டியும் ஜன்னல் அவருக்குத்தான்.
வாழை, குளம், ரப்பர், மறுபடி குளம்.
குளிக்கிறவர்களை எண்ணிக்கொண்டு வந்தார்
குறும்பனைக்காரர்,
தண்ணீரை முதல்தடவை பார்ப்பதுபோல.
குழித்துறையில் மேலே ஏறிப் படுத்தார்.
கடல் வந்தா எழுப்பாதே.

விடியலில், பைந்தூர் தாண்டி,
தென்னைகளுக்கு நடுவே வந்தது:
ஒரு துண்டு, அப்புறம் மணல், அப்புறம் நிறைய.
நான் எழுப்பவில்லை.

மேலிருந்து குரல் மட்டும்:
"காத்து எங்கேருந்து?"

கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.