கத்தியின் படம்

தக்காளி நசுங்கிய அன்றுதான் முடிவெடுத்தேன்.
வெட்டுப்படவில்லை. தோல் அப்படியே இருக்க
விதைகள் மட்டும் வெளியே வந்து
பலகையில் நின்றன.

நூறாம் இலக்க பஸ், பிறகு நடை.
பழைய சோனகத் தெருவில் நிஸ்தாரின் கடைக்குள்
பக்கவாட்டில்தான் நுழையலாம்.
மேசையில் மூன்றை வைத்தார்:
இரண்டு பிளவுள்ள பிளாஸ்டிக் பெட்டி;
பிளக்கில் செருகினால் பூனைபோல் உறுமும் ஒன்று;
செங்கல் துண்டு மாதிரி ஒரு கல்,
ஒரு பக்கம் ஆயிரம், மறுபக்கம் மூவாயிரம்.

“பெட்டி லேசு. ஆனா கத்தியத் தின்னும்.
மெசின் இன்னும் கெதியாத் தின்னும்.
கல்லு உங்கட நேரத்தத் தின்னும்.
எதக் குடுப்பீங்க?”
பிறகு, “கத்தியக் கொண்டு வந்தீங்களா?”

காலையில் பழைய பேப்பரில் சுற்றி,
கைப்பையில் வைத்து, ஸிப்பை இழுத்து,
கதவுவரை போனேன்.
அங்கே கை தானாக ஸிப்பைத் திறந்தது.
தடுப்பு மரங்களை எடுத்துப் பல வருஷம்.
பம்பலப்பிட்டிச் சந்தியில் இப்போது
யாரும் யாரையும் பஸ்ஸால் இறக்குவதில்லை.
என் பைக்குத்தான் அது இன்னும் தெரியாது.
அன்றைக்கு, ஒரு பேனாக்கத்திக்காக
நாலு மணித்தியாலம்
மாம்பழம், மாம்பழம் வெட்ட என்று
இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகவே கத்தியை
லைட் பில்லின் பின்பக்கம் படுக்கவைத்து
பென்சிலால் சுற்றி வரைந்து வந்திருந்தேன்.
ஓரத்தில் குறிப்பு: மச்சாள் டொரொன்டோவிலிருந்து அனுப்பியது,
துருப்பிடிக்கிற சாதி.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
நிஸ்தார் தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
பென்சில் கோட்டின்மேல்
பெருவிரலைக் குறுக்காக வைத்து
மெல்ல நகர்த்திப் பார்த்தார்.
“கல்லுத்தான்” என்றார்.
விலையில் ஒரு சதம் குறைக்கவில்லை.

இரவு கல்லைத் தண்ணீரில் போட்டேன்.
குமிழி நிற்கும்வரை பொறுக்கச் சொன்னவர்
அது இவ்வளவு பேசும் என்று சொல்லவில்லை.
இரண்டு காசு அடுக்கின உயரத்துக்கு
கத்தியின் முதுகைத் தூக்கி,
தள்ளி, இழுத்து, தள்ளி,
சாம்பல் சேறு விரலிடுக்கெல்லாம்.
பத்தேகாலுக்குக் கடற்கரை ரயில் போனது.
ஜன்னல் அதிர, கோணம் தவறிற்று.
மறுபடி முதலிலிருந்து.

சோதிக்கத் தக்காளி இல்லை.
லைட் பில்லை எடுத்தேன்.
வரைந்த கத்தியின் நடுவால்
வரையாத கத்தி
சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது,
கட்டவேண்டிய தொகைவரை.