கயிற்றின் மூன்றாம் ஆள்

காற்றுமானியைக் காற்றே பிடுங்கிப் போட்டுவிட்டதாம்.
மாட்டிவிட்டு மாலைப் படகில் திரும்பலாமென்று
ஒரே ஒரு மாற்றுச் சட்டையோடு போனேன்,
ஃபாரோவின் வடக்கு விளிம்பில் ஒரு தீவுக்கு.
பெயர் வேண்டாம்.
ஒன்பது பேர் இருக்கும் இடத்தில்
ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.

இரண்டு மணி நேரத்தில் சுற்றி வந்துவிட்டேன்.
புல் முளைத்த கூரைகள் ஏழு,
பூட்டில்லாத தேவாலயம்,
ஒரே மாணவன் படிக்கிற பள்ளிக்கூடம்.
துரோந்துர் என்று பெயர்.
ஓட்டப் பந்தயத்தில் எப்போதும் முதலாவது, என்றான்,
எப்போதும் கடைசியும்.
சரி, பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் கடல் எழுந்தது.
படகு வந்து பாறையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது.
நாளைக்கு வருமா என்று கேட்டேன்.
எல்ஸ்பா வானத்தைப் பார்க்கவில்லை,
என் சட்டையைப் பார்த்தார்.
"துவைத்துப் போடு. காய நாலு நாள் ஆகும்."

எட்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள்தான் தெரிந்தது,
எல்ஸ்பாவும் பக்கத்து வீட்டு ஹானுஸும் பேசிப்
பதினான்கு வருடம் என்று.
படகுக் கொட்டகையின் கதவு
உள்ளே திறப்பதா வெளியே திறப்பதா
என்பதில் ஆரம்பித்ததாம்.
கொட்டகையைப் புயல் கொண்டுபோய்ப் பத்து வருடம்.
சண்டை மட்டும் நிற்கிறது, கூரையில்லாமல்.

"அவனிடம் சொல்,
அவன் கிடா என் உருளைக்கிழங்குப் பாத்தியில் நிற்கிறது."
நாற்பது அடி நடந்தேன்.
"அவளிடம் சொல்,
கிடாவுக்கு அது தெரியும்."
நாற்பது அடி.
இப்படித்தான் அவர்கள் மொழி எனக்கு வந்தது:
முதலில் கிடா, பிறகு உருளைக்கிழங்கு,
பிறகு திமிர்.
நன்றி என்ற சொல் வர ஆறு நாள் பிடித்தது.

அன்றைக்கு ஓர் ஆடு
செங்குத்துப் பாறையின் இடுக்கில் இறங்கி
ஏறத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தது.
கயிறு வந்தது.
ஒரு நுனியில் ஹானுஸ், மறு கையாக எல்ஸ்பா.
நடுவில் நில், என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்,
என்னைப் பார்த்து.

அவர் இழுக்கையில் இவர் இழுத்தார்.
இவர் மூச்சுவிட அவர் நிறுத்தினார்.
எண்ணவில்லை, ஏலேலோ போடவில்லை.
நான்தான் இரண்டு முறை தப்பாக இழுத்தேன்.
உள்ளங்கை இரண்டும் பொத்துப்போயின.
ஆடு மேலே வந்து
உடம்பிலிருந்த ஈரத்தை எல்லாம்
காய்ந்த என் சட்டையில் உதறியது.
அவர்கள் சிரித்தார்கள்,
ஆளுக்கொரு திசையில்.

ஒன்பதாம் நாள் படகு பாறையைத் தொட்டது.
ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் குதித்தேன்.
பையை யார் எறிந்தார்களென்று பார்க்கவில்லை.
திரும்பிப் பார்த்தபோது
கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள் இருவரும்,
நடுவில் நான் நின்ற இடத்தை விட்டுவிட்டு.
ஹானுஸின் வாய் அசைந்தது, எல்ஸ்பா பக்கம்.
காற்று எதையும் கொண்டுவரவில்லை.
கிடாவைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

காற்றுமானியை முதல் நாளே மாட்டிவிட்டேன்.
அது அனுப்பும் எண்கள்
மணிக்கு ஒரு முறை என் மேசைக்கு வருகின்றன.
பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.
வடமேற்கு, நொடிக்குப் பதினெட்டு மீட்டர்.
யாரோ துணி எடுக்க ஓடுகிறார்கள்.