நானூற்றுப் பன்னிரண்டரை

பாதாம் பூவெல்லாம் கொட்டித் தீர்ந்த வாரம்
கவுண்டி அலுவலகத்தில் எனக்கொரு பச்சை மேலங்கியும்
முகவரிப் பட்டியலும் தந்தார்கள்.
"இதில் இல்லாத வீடுகளை எழுதி வா" என்றாள் லோரீன்.
"இரண்டு வருஷத்தில் கணக்கெடுப்பு.
பட்டியலில் இல்லாத கதவை
அப்போது யாரும் தட்டமாட்டார்கள்."

இல்லாததைத் தேடவும் ஒரு குறிப்பேடு இருந்தது:
ஒரே வேலிக்குள் இரண்டு மின் மீட்டர்,
கொட்டகைக் கூரையில் டிஷ்,
கராஜ் கதவின் இடுக்கில் திரைச்சீலை.

எனக்குத் தேவைப்படவில்லை.
நான்கு வருஷம் முன்பு இதே தெருக்களில்
ஆரஞ்சு மேலங்கியில் அலைந்தவன் நான்.
கையில் அளவு நாடா, கழுத்தில் கேமரா,
அனுமதியில்லாத அடுப்புக்கு இவ்வளவு,
அனுமதியில்லாத சன்னலுக்கு இவ்வளவு.
எந்தச் சுவருக்குப் பின்னால்
எத்தனை பேர் மூச்சுவிடுகிறார்கள் என்பது
அபராதச் சீட்டு எழுதிய கைக்கு மனப்பாடம்.

மில் தெரு, 412. பின்பக்கம்.
நாய்க்குக்கூட என்னை நினைவிருந்தது.
"நாடாக்காரன்!" என்று கத்திக்கொண்டு
ஒரு பையன் உள்ளே ஓடினான்.
கதவு திறக்கவில்லை.
சன்னல் நாலு விரல்கடை திறந்தது:
எலிகியா.
தொள்ளாயிரம் டாலர் கட்டியவள்.
அடுப்பைப் பிடுங்கிப் போட்டு
ஒரு குளிர்காலம் முழுக்க
வெட்டவெளியில் சோளமாவு தட்டியவள்.

"அன்றைக்கு அளந்தாய்.
இன்றைக்கு எண்ணுகிறாயா?"

பதில் என் பையில் ஒரு தாளாக இருந்தது.
மேற்பார்வையாளர் குழு, மூன்றுக்கு இரண்டு:
முகவரி தேடும்போது கண்ணில் படுவது எதுவும்
அபராதப் பிரிவின் மேசைக்குப் போகாது.
அந்த இரவு ஒருவர் கேட்டார்,
யாரோ ஒளித்துவைத்த ஆட்களுக்கு
நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று.
லோரீன் எழுந்து
மருத்துவமனை வாசலில் விடிகாலை நான்கு மணிக்கு
வரிசை எங்கே முடிகிறது என்று மட்டும் சொன்னாள்.
டயர்க் கடைக்கு அப்பால்.

தாள் ஸ்பானிஷில் இருந்தது.
அவளுக்கு அதுவும் இரவல் மொழிதான்.
அவள் மொழி மிக்ஸ்டெக்.
மறுநாள் நெரேயோவோடு போனேன்.
கவுண்டி சம்பளத்தில் வந்த வானொலிக்காரன்,
திராட்சைத் தோட்டங்களில் அவன் குரலை எல்லோருக்கும் தெரியும்.
இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள்.
என்னைப் பற்றி என்பது தெரிந்தது.
நடுவில் சிரித்தார்கள்.
நான் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்வீட்டுக்கு ஓர் எண் வேண்டும்.
எண் இல்லையென்றால் கடிதம் வராது,
கணக்கெடுப்பவரும் வரமாட்டார்.
412½ என்று எழுதிக் காட்டினேன்.

"அரையா?"
எட்டிப் பார்த்த பையன் கேட்டான்,
"அப்போ நாங்க எல்லாரும் அரையாளா?"
அவன் கேட்டதற்கு
குறிப்பேட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஏப்ரல்.
பொது சலவைக்கடையில் மேசை போட்டிருந்தோம்,
நூலகத்துக்கு வராதவர்களும்
துணி துவைக்க வருவார்கள் என்பது லோரீனின் கணக்கு.
எலிகியா வந்தாள்.
அரை எண்ணுக்கு வந்த முழுக் கடிதம் கையில்.
உலர்த்தியில் காசு போட்டுவிட்டு
நெரேயோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள்.

படிவத்தை நான் பார்க்கக் கூடாது.
பார்க்கவும் இல்லை.
பேனா நின்றது. அவள் ஏதோ கேட்டாள்.
நெரேயோ என் பக்கம் திரும்பினான்:
"கைக்குழந்தையையும் எழுதணுமான்னு கேக்கறா.
ஒரு மாசம்கூட ஆகலியாம்."

"அதை முதலில் எழுதச் சொல்."

ரப்பர் இருக்கிறதா என்று கேட்டாள்.
இல்லை. பரவாயில்லை என்று
ஒரு எண்ணை அடித்து
மேலே வேறொன்றை எழுதினாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
உலர்த்தியின் கண்ணாடிக்குள்
போர்வைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் காலுறை
சுற்றிச் சுற்றி வந்தது,
என் கட்டைவிரல் நீளம் இருக்கும்.

தொள்ளாயிரம் டாலரைப் பற்றி
அவள் கேட்கவில்லை.
நானும் பேச்செடுக்கவில்லை.