ஆயிரத்து முன்னூற்று நாற்பது கிராம்

எழும்பூர் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
சட்டையைக் கழற்றச் சொன்னார் சிஸ்டர்.
நானும் டில்லிபாபுவும் கழற்றிவிட்டு நின்றோம்
போலீஸ் தேர்வுக்கு வந்தவர்கள்போல.

அவருக்கு மார்பு இருந்தது.
கோயம்பேட்டில் வெங்காய மூட்டை தூக்கி வந்தது கொஞ்சம்,
வியாசர்பாடி ஜிம்மில் சேர்த்தது மிச்சம்.
இடப்பக்கம் பச்சை குத்திய சிங்கம்.
எனக்கு விலா எலும்புகள்,
பாதி நரைத்த நாலு முடி.

"ஒரு மணி நேரம் சாய்ஞ்சே உக்காரணும்.
தூங்கக் கூடாது. போன் கூடாது."
ஆளுக்கொன்றாக நெஞ்சில் கிடத்தி
துணியால் சுற்றிக் கட்டினார்.

அவர் மகள் ஆயிரத்து முன்னூற்று நாற்பது கிராம்.
என் மகன் அதைவிட ஒரு தக்காளி அதிகம்.
டில்லிபாபு சொன்ன கணக்கு அது,
மார்க்கெட்காரர்.

கால் மணி நேரம் போயிருக்கும்.
சிங்கம் குலுங்கத் தொடங்கியது.
நான் மேலே பார்த்தேன்.
எங்களுக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான்:
ஒருவன் அழுதால் இன்னொருவன்
ஓடாத மின்விசிறியின் இறக்கைகளை எண்ணுவது.
மூன்று.

சிஸ்டர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.
"அழுங்க, பரவால்ல.
குலுங்காம அழுங்க. பாப்பா முழிச்சிக்கும்."

எந்த ஜிம்மில் சொல்லித் தருகிறார்கள் அதை?
முயன்றார்.
தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து,
நூறு கிலோ தலைக்கு மேல் போகும்போது வருமே
அந்த முகம்.
கண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது.
சிங்கத்தின் பிடரியில்
ஒரு கடுகளவு எச்சில்.

போன ஆடியில் ஓட்டேரிச் சுடுகாட்டில்
அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது
நான் அசையவில்லை.
"கல்லு மாதிரி நின்னான்டா" என்று
சித்தப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.
எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.
இவனைக் கல்லில் கட்டினால்
குளிர்ந்துபோவான்.

மூக்கு ஒழுகியது எனக்கு.
துடைக்கக் கை இல்லை.
டில்லிபாபு இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மணி முடிந்து கீழே வந்தோம்.
டீக்கடையில் வெகுநேரம் பேசவில்லை.
எதிரே ஸ்டேஷனில் ஏதோ ரயில் தாமதம் என்று
மூன்று மொழியில் வருந்தினார்கள்.

பிறகு கேட்டார்,
கிளாஸைச் சுழற்றிக்கொண்டே:
"மார் முடிய வழிச்சுடலாமா சார்?
குத்துமில்ல, கொழந்தைக்கு."

எனக்கும் தெரியவில்லை.
நாளைக்கு சிஸ்டரிடம் கேட்போம் என்றேன்.
தலையாட்டிவிட்டு
பட்டர் பன்னைப் பாதியாகப் பிய்த்தார்,
பெரிய பாதியை என் பக்கம் நீட்டினார்.